வெண்குறுமீனின் வாசலில் உடையும் சிறுகோள்கள்

ஜி29-38 என்ற விண்மீன் மீன ராசிப் பக்கம், நம்மிடமிருந்து 57 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. எரிபொருள் தீர்ந்து, வெளி அடுக்குகளை உதிர்த்துவிட்டு, ஏறக்குறைய பூமியளவுக்குச் சுருங்கிப்போன வெண்குறுமீன் அது. மேற்பரப்பு வெப்பம் 11,000 டிகிரிக்கும் மேல். அவ்வளவு சூடான பொருள் அகச்சிவப்பில் மங்கலாகத்தான் தெரிய வேண்டும். 1987இல் பென் சக்கர்மேனும் எரிக் பெக்லினும் அளந்தபோது அகச்சிவப்பு ஒளி எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வந்தது. சுமார் 1,200 கெல்வின் வெப்பத்தில் ஏதோ ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது என்று அதற்குப் பொருள். விண்மீனாகத் தேறாத பழுப்புக் குறுமீன் ஒன்று துணையாகச் சுற்றுவதாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். அங்கே இருந்தது நொறுங்கிய சிறுகோளின் தூசி. அந்த விளக்கம் தெளிவான வடிவம் பெற இன்னும் பதினாறு ஆண்டு ஆயிற்று.

இந்தத் துறை தொடக்கம் முதலே பின்னாலிருந்து முன்னால் நடந்து வந்திருக்கிறது. விண்மீனுக்குள் விழுந்து கலந்த பொருளை முதலில் பார்த்தோம், அதைச் சுற்றிய தூசியை அடுத்துப் பார்த்தோம், உடைந்துகொண்டிருக்கும் பாறையைக் கடைசியாகத்தான் பார்த்தோம். சிறுகோள் ஏன் உடைகிறது என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. உடைந்த துண்டுகள் எப்படிச் சுருங்கி ஒரு சிறு வட்டுக்குள் வந்து அடங்குகின்றன என்பதில்தான் ஆய்வாளர்கள் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என் பார்வையில் முழுக் கேள்வியின் எடையும் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது.

சூரியனைப் போன்ற விண்மீன்கள், ஏன் சூரியனைப்போல் எட்டு மடங்கு வரை நிறை கொண்டவையும்கூட, கடைசியில் வெண்குறுமீனாகவே முடிகின்றன. 1930இல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகர், பயணத்தின்போதே இவற்றின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று கணக்கிட்டார். இன்றைய மதிப்பில் அது சூரிய நிறையில் 1.4 மடங்கு. பெரும்பாலான வெண்குறுமீன்கள் அதற்கு வெகு கீழே, 0.6 சூரிய நிறையில் நிற்கின்றன. அத்தனை நிறையும் பூமியளவு உருண்டையில் அடைபட்டிருப்பதால் மேற்பரப்பில் ஈர்ப்பு பூமியைவிட இலட்சம் மடங்கு வலிமையானது. ஹைட்ரஜனும் ஹீலியமும் மேலே மிதக்கும், மற்ற எல்லாம் கீழே அமிழ்ந்துவிடும். சூடான ஹைட்ரஜன் வளிமண்டலத்தில் சில நாட்களிலேயே அமிழும். குளிர்ந்த ஹீலியம் வளிமண்டலத்தில் பத்து இலட்சம் ஆண்டுகள்கூட ஆகலாம். வெண்குறுமீன்களின் வயதோ நூறு கோடி ஆண்டுக் கணக்கு. ஆகவே ஒன்றின் நிறமாலையில் கால்சியமோ இரும்போ தெரிந்தால், அது அண்மையில் வெளியிலிருந்து வந்து விழுந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கோடுகள் 1917இலேயே கண்ணில் பட்டிருந்தன. அட்ரியான் வான் மானன் கண்டுபிடித்த, 14 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு மங்கலான விண்மீனின் நிறமாலையை வால்டர் ஆடம்ஸ் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் கண்ணாடித் தட்டில் பதிவு செய்தார். கால்சியக் கோடுகள் அதில் தெளிவாக இருந்தன. வெண்குறுமீன் என்ற வகையே அப்போது சரியாகப் பிடிபடவில்லை, எனவே அது சாதாரண விண்மீன் என்று குறிக்கப்பட்டது. அந்தத் தட்டு கார்னகி ஆய்வகத்தின் பெட்டகத்தில் கிடந்தது. சுமார் நூறாண்டு கழித்து ஜே ஃபரிகி கேட்டதன் பேரில் அதை எடுத்துப் பார்த்தபோது, வேற்றுக் கோள் மண்டலம் ஒன்றின் பொருளுக்கு மனிதரிடம் இருந்த முதல் சாட்சி அதுவே என்று தெரிந்தது. சாட்சி முன்பே கையில் இருந்தும் கேள்வி பிறக்காததால் அது ஊமையாகக் கிடந்த நிகழ்வுகள் வானியலில் நிறைய உண்டு. அவற்றில் இது எனக்குப் பிடித்தமான ஒன்று.

இடையில் வேறொரு விளக்கம் நெடுநாள் ஆட்சி செய்தது. விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் தூசி மேகங்களின் வழியே போகும்போது வெண்குறுமீன் அவற்றை அள்ளிக்கொள்கிறது என்றார்கள். அந்த மேகங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் அல்லவா? கால்சியம் வந்த வழியில் ஹைட்ரஜனும் வந்திருக்க வேண்டும். ஆனால் கால்சியம் நிறைந்த பல ஹீலியம் வெண்குறுமீன்களில் ஹைட்ரஜன் அரிதாகவே இருந்தது. 1986இல் சார்ல்ஸ் ஆல்காக்கும் கூட்டாளிகளும் வால்மீன்கள் விழுவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். 2003இல்தான் மைக்கேல் ஜூரா துணிச்சலான ஒரு படத்தை வரைந்தார்: ஜி29-38க்கு மிக அருகே வந்த ஒரு சிறுகோளை விண்மீனின் ஈர்ப்பு கிழித்துப் போட்டது, தூள் சனியின் வளையம்போல் தட்டையாகச் சுற்றுகிறது, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விண்மீன்மேல் விழுகிறது. 1997லேயே அந்த விண்மீனில் கால்சியம் கண்டிருந்தார்கள். 2005இல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி 10 மைக்ரான் அலைநீளத்தில் சிலிக்கேட்டின் அடையாளத்தைக் கண்டது. அங்கே சுற்றுவது பாறைத் தூள் என்பதில் அதன்பின் ஐயமில்லை.

சிறுகோள் ஏன் அங்கே போகிறது? சூரியனையே எடுத்துக்கொள்வோம். இன்னும் 500 கோடி ஆண்டு வாக்கில் அது செம்பெருமீனாக ஊதிப் பெருத்துத் தன் நிறையில் பாதிக்குக் கிட்டத்தட்ட இழந்துவிடும். மைய நிறை குறையக் குறையச் சுற்றுப்பாதைகள் விரியும். செவ்வாயும் வியாழனும் இன்றிருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்குத் தொலைவுக்குப் போகும். உள்ளே இருந்ததைப் பெருமீன் விழுங்கியிருக்கும் என்பதால், வெண்குறுமீனின் அண்டையில் பழைய பாறை எதுவும் மிஞ்சியிருக்காது. விழுவது எதுவானாலும் தொலைவிலிருந்துதான் வர வேண்டும். 2002இல் ஜான் டெபிஸும் ஸ்டெய்ன் சிகர்ட்சனும் இதற்கு வழி காட்டினார்கள். விண்மீனின் நிறை குறைந்து கோள்களின் நிறை அப்படியே இருந்தால், கோள்கள் ஒன்றையொன்று இழுக்கும் இழுப்பு ஒப்பளவில் கூடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அமைதியாகச் சுற்றிய மண்டலம் ஆட்டம் காணும், சில சிறுகோள்கள் விண்மீனை நோக்கி எறியப்படும். எறிபவர் இல்லாமல் எதுவும் வந்து சேராது. எனவே கால்சியம் தெரியும் ஒவ்வொரு வெண்குறுமீனுக்கும் பின்னால், பார்வைக்கு எட்டாத ஒரு கோளாவது இருக்க வேண்டும் என்று பலரும் கருதுகிறார்கள். 2020இல் ஆண்ட்ரூ வாண்டர்பர்க் குழு 80 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டபிள்யூடி 1856+534 என்ற வெண்குறுமீனை 1.4 நாளுக்கு ஒருமுறை சுற்றும் வியாழனளவு கோளைக் கண்டுபிடித்தது. பெருமீன் கட்டத்தைத் தாண்டியும் கோள்கள் பிழைத்திருக்கின்றன, உள்நோக்கி நகரவும் செய்கின்றன என்பது அதனால் உறுதியாயிற்று.

பெருமீன் கட்டத்திலேயே ஒரு சுற்று உடைப்பு நடந்திருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அப்போது விண்மீனின் ஒளி ஆயிரக்கணக்கான மடங்கு பெருகும். ஒழுங்கற்ற வடிவமுள்ள சிறுகோளின்மேல் படும் ஒளி சமமில்லாமல் உமிழப்படுவதால் அது மெல்லச் சுழலத் தொடங்கி வேகம் கூட்டிக்கொள்ளும். தளர்ந்த கற்குவியல்கள் சுமார் இரண்டேகால் மணி நேரத்துக்கு ஒருமுறையைவிட வேகமாகச் சுழன்றால் சிதறிவிடும். டிமிட்ரி வேராஸும் கூட்டாளிகளும் 2014இல் காட்டியபடி, நூறு மீட்டரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் வரை அளவுள்ள சிறுகோள்களில் பெரும்பகுதி வெண்குறுமீனைப் பார்க்கும் முன்பே இப்படி நொறுங்கிப் போயிருக்கும்.

உடைப்பின் கணக்கு பழையது. 1848இல் எதுவார் ரோஷ் அதைப் போட்டு வைத்தார். விண்மீனுக்கு அருகே போகும் உடலின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட வலுவாக இழுக்கப்படுகிறது. அந்த வேறுபாடு உடலின் சொந்த ஈர்ப்பை மிஞ்சும் எல்லையைத் தாண்டினால் கற்குவியலாகக் கட்டப்பட்ட எதுவும் பிரிந்துவிடும். இந்த எல்லை உடலின் அளவைப் பொறுத்ததே அல்ல, அடர்த்தியைப் பொறுத்தது. ஒரு கிலோமீட்டர் குன்றும் ஐந்நூறு கிலோமீட்டர் பாறைக்கோளும் ஒரே அடர்த்தியாக இருந்தால் ஒரே இடத்தில்தான் கிழிபடும். 0.6 சூரிய நிறைக்கும் பாறையின் அடர்த்திக்கும் இந்த எல்லை சூரியனின் ஆரத்தை ஒட்டி, சுமார் 7 இலட்சம் கிலோமீட்டரில் விழுகிறது. சூரியன் இன்று உள்ளபடி இருந்தால் அந்த இடம் அதன் மேற்பரப்புக்கு அருகே போய்விடும். உடைந்தது சுற்றி வர இடமே இருக்காது. விண்மீன் பூமியளவுக்குச் சுருங்கியதால்தான் கிழிக்கும் ஈர்ப்பும் கிழிந்தது சுற்றிவர வெற்றிடமும் ஒரே இடத்தில் வாய்த்திருக்கின்றன. வெளிச்சமும் குறைந்துவிட்டதால் அந்தத் தொலைவில் தூசி ஆயிரம் கெல்வின் அளவுக்கே சூடாகிறது, ஆவியாகாமல் தங்கி அகச்சிவப்பில் மின்னுகிறது. 1987இல் அளந்த 1,200 கெல்வின் இந்தக் கணக்கோடு அழகாகப் பொருந்துகிறது. இன்னும் சூடான, இளைய வெண்குறுமீன்களைச் சுற்றித் தூசி நிற்காது, வாயுவாகிவிடும்.

உடைப்புக்கு நாம் நேரில் பார்த்த சான்றும் உண்டு. ஷூமேக்கர்–லெவி 9 வால்மீன் 1992இல் வியாழனை ஒட்டிப் போய் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகி, 1994இல் வரிசையாக அதன்மேல் விழுந்தது. வெண்குறுமீனிடம் வரும் சிறுகோளுக்கும் முதலில் அதுவே நேரும்: கிழிபட்டு நீண்ட சரமாகும். அந்தச் சரம் அங்கேயே தங்குவதில்லை. சிறுகோள் வந்தது வியாழனின் தொலைவு போன்ற இடத்திலிருந்து. விண்மீனை மணிக்கணக்கில் சுற்றிவிட்டு, வந்த வேகத்திலேயே பல ஆண்டுகள் நீளும் பாதையில் திரும்பிப் போய்விடும். துண்டுகளின் ஆற்றலில் உள்ள சிறு வேறுபாட்டால் அவை பாதை நெடுகப் பரவி, ஊசிபோல் மெலிந்த நீள்வட்ட வளையமாகும். ஆனால் நாம் பார்க்கும் தூசியோ விண்மீனிலிருந்து சூரிய ஆரத்தின் அளவில் நெருக்கமாக, பெரும்பாலும் வட்டமாக இருக்கிறது. அதாவது சுற்றுப்பாதை சில நூறு மடங்கு சுருங்க வேண்டும், அவ்வளவு ஆற்றலும் எங்காவது போய்த் தொலைய வேண்டும்.

எங்கே போகிறது? விண்மீனின் ஒளி, சுற்றும் துகளின்மேல் எதிர்க்காற்றுபோல் பட்டு அதன் வேகத்தைக் குறைக்கும். மணலளவு துகள்களுக்கு இது நன்றாக வேலை செய்யும், பெரிய பாறைகளை ஆண்டுக்கணக்கில் தொட்டாலும் அசைக்காது. ரோமன் ராஃபிகோவ் 2011இல் கணக்கிட்டபடி, வட்டு உருவான பிறகு இந்த ஒளி இழுவை மட்டும் நொடிக்கு சுமார் நூறு டன் பொருளை விண்மீனுக்கு அனுப்பும். சில விண்மீன்களில் விழுவதோ இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே தூசி ஆவியாகி வாயுவாகும்போது அந்த வாயுவும் திடத் துகள்களை இழுத்து வேகத்தைக் கூட்டலாம் என்றார். மற்றொரு வழி மோதல். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்படி, விண்மீனை நெருங்கும் நீள்வட்டத்தின் திசையே மெல்லத் திரும்பும். வெவ்வேறு அளவுப் பாதைகள் வெவ்வேறு வேகத்தில் திரும்புவதால், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த பாதைகள் காலப்போக்கில் ஒன்றையொன்று வெட்டும், துண்டுகள் அதிவேகத்தில் மோதித் தூளாகும். தூளானதை ஒளி இழுத்துக்கொள்ளும். மார்க் பிரூவர்ஸ், ஏமி போன்சர், உரி மாலமுத் ஆகியோர் இந்த வழியை விரிவாக ஆராய்ந்தார்கள். முன்பே ஒரு பழைய வட்டு இருந்தால் புதிதாக வரும் சரம் அதன் ஊடே போகும்போதே உராய்ந்து சுருங்கும் என்ற கருத்தும் உண்டு. எனக்கு இது கவர்ச்சியாகத்தான் படுகிறது. ஆனால் முதல் வட்டு எப்படி வந்தது என்ற கேள்வியை அது பின்னால் தள்ளிவைக்கிறதே தவிரத் தீர்க்கவில்லை. இந்த வழிமுறைகளில் ஒன்று மட்டுமே எல்லா வெண்குறுமீன்களிலும் வேலை செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை.

இங்கேதான் நேரடிக் காட்சிகள் உதவ வேண்டும். 2015இல் கெப்லர் விண்தொலைநோக்கியின் இரண்டாம் கட்டப் பதிவுகளில் வாண்டர்பர்க் குழு டபிள்யூடி 1145+017 என்ற விண்மீனைக் கண்டது. அதன் ஒளி 4.5 மணிக்கு ஒருமுறையும் அதையொட்டிய வேறு இடைவெளிகளிலும் மங்கியது. பின்னர் தரையிலிருந்து பார்த்தபோது சில மங்கல்கள் 60 சதவீதம்வரை ஆழமாக இருந்தன. சிறுகோள் ஒன்று தன் உடலால் மட்டும் மறைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மங்காது. எனவே நாம் பார்ப்பது பாறையை அல்ல, அதிலிருந்து பீறிடும் தூசி வாலை. சரக்கென்று மங்கி மெல்ல மீளும் ஒளி வளைவின் சாய்வும் அதையே சொல்கிறது. 4.5 மணி நேரச் சுற்றுக்காலம் ரோஷ் எல்லையின் ஓரத்தில் அமர்கிறது. அங்கே உடல் மணிக்கு பத்து இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. சிறிய தொலைநோக்கிகள் வைத்திருந்த ஆர்வலர்களும் சேர்ந்து மாதக்கணக்கில் இரவிரவாக அளந்ததில், தாய்ப்பாறையைவிடச் சற்றே குறைந்த காலத்தில் சுற்றும் துண்டுகள் முன்னோக்கி நகர்வது தெரிந்தது. விண்மீனை நோக்கிய பக்கத்திலிருந்துதான் பொருள் கசிகிறது என்பது அதற்கான விளக்கம். இத்தனை ஆழமாக ஆராய்ந்த பிறகும் ஓர் உண்மை உறுத்துகிறது: இந்தத் தாய்ப்பாறை ஏற்கனவே வட்டமான சிறு பாதையில் இருக்கிறது. தொலைவிலிருந்து முதன்முறையாக வந்து கிழிபடும் சிறுகோள் இது இல்லை. எப்படியோ உள்ளே வந்து சேர்ந்துவிட்ட ஒன்று இப்போது மெல்லக் கரைகிறது.

எஸ்டிஎஸ்எஸ் ஜே1228+1040இன் கதை இன்னும் விசித்திரம். 2006இல் போரிஸ் கான்சிக்கேயும் குழுவினரும் அதைச் சுற்றிக் கால்சிய வாயு வளையம் ஒன்றைக் கண்டார்கள். சுழலும் வட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் ஓடுவதால் கோடு இரட்டை முகடாகத் தெரிந்தது. கேனரி தீவுகளிலுள்ள லா பால்மாவின் 10.4 மீட்டர் தொலைநோக்கியால் கிறிஸ்டோபர் மான்சர் குழு அந்தக் கோடு 123.4 நிமிடத்துக்கு ஒருமுறை அலைவதை அளந்து 2019இல் வெளியிட்டது. வாயுவுக்குள் ஏதோ திட உடல் சுற்றுகிறது. அது ரோஷ் எல்லைக்கு வெகு உள்ளே இருந்தும் பிழைத்திருக்கிறதென்றால், கற்குவியலாக இருக்க முடியாது. உள்ளுறுதி உள்ள ஒற்றைக் கட்டியாக, மேலுறை உரிந்துபோன ஒரு கோள்கருவின் இரும்பாகவே இருக்கலாம். அளவு சில கிலோமீட்டரிலிருந்து சில நூறு கிலோமீட்டருக்குள் எங்கும் இருக்கலாம்.

பிற காட்சிகளை விரைவாகக் கடந்துவிடலாம். டபிள்யூடி 1054−226இல் 25 மணி நேரச் சுற்றில் 23 நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்கான மங்கல்கள் வருகின்றன. ஏதோ ஒரு கோளின் ஈர்ப்பு தூசியைக் கொத்துக் கொத்தாக நிறுத்தியிருக்கலாம் என்பது ஃபரிகி குழுவின் ஊகம். டபிள்யூடி 0816−310இல் விழும் உலோகம் காந்தப்புலத்தால் திருப்பப்பட்டு விண்மீனின் ஒரு பக்கத்தில் திட்டாகப் படிந்திருப்பதை 2024இல் ஸ்டெஃபானோ பாக்னூலோ குழு காட்டியது.

விழும் பொருள் என்ன என்பதில் இந்தத் துறை கோள்களின் உள்ளுறுப்பையே படிக்கக் கொடுத்தது. ஜிடி 362 என்ற ஒரே விண்மீனில் 17 தனிமங்கள் காணப்பட்டன. பெரும்பாலானவற்றில் ஆக்சிஜன், மக்னீசியம், சிலிக்கான், இரும்பு ஆகிய நான்குமே ஆதிக்கம் செலுத்துகின்றன, கார்பன் குறைவு. அதாவது பூமியின் உடலைப் போன்ற கலவை. என்எல்டிடி 43806இல் அலுமினியம் அதிகம், மேலோடு உரிந்து விழுந்தது போன்ற அடையாளம். ஜிடி 61இல் விழுந்த உடலில் நீரே 26 சதவீதம் என்று 2013இல் கணித்தார்கள். சூரிய மண்டலத்தில் ஒப்பில்லாத விநோதப் பாறைகள் இருப்பதாகவும் ஓர் ஆய்வு சொன்னது, அதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒவ்வொரு தனிமமும் வேறு வேகத்தில் அமிழ்கிறது. விழுதல் தொடர்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரியாமல் விகிதங்களைத் திருத்தினால் எந்தப் பாறையையும் வரவழைத்துவிட முடியும்.

எண்ணிக்கையில்தான் பெரிய முரண் இருக்கிறது. வெண்குறுமீன்களில் நான்கில் ஒன்றிலிருந்து பாதிவரை உலோகம் தெரிகிறது. தூசி வட்டு தெரிவதோ நூற்றில் ஒன்று முதல் நான்கு வரைதான். சில நாட்களில் உலோகம் அமிழ்ந்துவிடும் சூடான விண்மீன்களிலும் இதே நிலைமை. அப்படியானால் இந்த நொடியும் ஏதோ விழுந்துகொண்டிருக்கிறது, ஆனால் தூசியைக் காணவில்லை. விழுகிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது, சந்திரசேகரின் பெயரையே தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர் வானாய்வகம். ஜி29-38இலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை அதன் உதவியால் டிம் கன்னிங்ஹாம் குழு அளந்து 2022இல் வெளியிட்டது. நொடிக்கு சுமார் 1,600 டன் பொருள் விண்மீனில் மோதுகிறது. நிறமாலையிலிருந்து மறைமுகமாகப் பெற்றிருந்த அளவைவிட இது அதிகம். வட்டுகள் மிக மெலிந்தும் குறுகியும் இருப்பதால் அகப்படவில்லை என்பது ஒரு விடை. வட்டு எப்போதும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்பது இன்னொன்று. 2010இல் ஒரு வெண்குறுமீனின் அகச்சிவப்பு 300 நாளுக்குள் 35 சதவீதம் குறைந்ததை சியி ஷூவும் ஜூராவும் கண்டார்கள். டபிள்யூடி 1145+017இன் மங்கல்களும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்குகின்றன. சனியின் வளையம்போல் அமைதியான தட்டு என்ற ஜூராவின் படம் இங்கே விரிசல் காண்கிறது. ஓயாமல் மோதிப் புதிய தூள் கிளம்புவதும் அடங்குவதுமாக இருக்கும் இடம் என்று கொள்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

நடுப்பகுதியைப் பற்றிப் பேசும் காட்சி இதுவரை ஒன்றே ஒன்றுதான் நம்பிக்கை தருகிறது. 2020இல் ஜாக்கரி வாண்டர்போஷ் குழு அறிவித்த இசட்டிஎஃப் ஜே0139+5245 என்ற விண்மீனின் மங்கல்கள் ஏறத்தாழ 107 நாள் இடைவெளியில் வருகின்றன, ஒவ்வொன்றும் மூன்று வாரம்வரை நீள்கிறது. ரோஷ் எல்லையைத் தொட்டுவிட்டு வெளியே நெடுந்தூரம் போய்வரும் ஊசிப் பாதையாக அது இருந்தால், கிழிந்து இன்னும் சுருங்காத சரம் அதுதான். அந்தப் பக்கம் 107 நாள், இந்தப் பக்கம் 25 மணி, 4.5 மணி என்று மிகச் சில புள்ளிகளே கையில் உள்ளன. சிலியில் 2025இல் முதல் படங்களை வெளியிட்ட ரூபின் வானாய்வகம் தென்வானத்தைச் சில நாளுக்கு ஒருமுறை பத்தாண்டுகள் பதிவு செய்யப்போகிறது. வெண்குறுமீன்களின் மங்கல்கள் அதில் நிறையக் கிடைக்கும். சுற்றுக்காலங்கள் மாதங்களிலிருந்து மணி நேரங்கள் வரை இடைவெளியின்றிப் பரவிக் கிடந்தால், சரம் மெல்லத் தேய்ந்து சுருங்குகிறது என்று பொருள், ஒளி இழுவைக்கு அது சாதகம். நடுவில் வெற்றிடம் விழுந்தால், சுருக்கம் நாம் கவனிக்க முடியாத வேகத்தில் முடிந்துவிடுகிறது. அப்போது மோதலையும் வாயுவையும்தான் நம்ப வேண்டியிருக்கும்.